பக்குவமாகச் சொன்னது

லின்ஃபீல்ட், ஒக்லாந்து
6 மே 2025, இரவு 1.40

என் அன்பின் ராகவி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். உனக்கு இப்போது பின்னேரம், வேலை முடிந்து பஸ்ஸில் இருப்பாய் என்று நினைக்கிறேன். பிரணவி என் நெஞ்சில் படுத்திருக்கிறாள். எட்டு மாதம். கிடத்தினால் எழும்பிவிடுவாள், கதைத்தாலும் எழும்பிவிடுவாள். அதனால்தான் கோல் எடுக்காமல் ஒற்றைப் பெருவிரலால் போனில் கடிதம் எழுதுகிறேன். விரிவுரையில் கடைசி வாங்கில் இருந்தபடி துண்டு எழுதி அனுப்புவோமே, அப்படி வைத்துக்கொள்.

நாங்கள் மூவரும் நலம். சுலக்ஷனுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற பகுதியில் வேலை, இந்தக் கிழமை இரவு முறை. எனக்கு ஒரு குறையும் இல்லை. நித்திரைதான் கொஞ்சம் குறைவு. உங்கள் நலமும் அறிய ஆவல். பலெர்மோவில் கறிவேப்பிலை கிடைக்கிறதா? இங்கே அது தங்க விலை.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து யூனிட்டில் ஒரேஸ்தே என்று ஓர் இத்தாலிக்காரர் இருக்கிறார். தனி ஆள், எண்பத்து மூன்று வயது. முதலில் ‘அங்கிள்’ என்றேன். “நான் ஒருத்தருக்கும் அங்கிள் இல்லை” என்றார். அதனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், வாய் கூசத்தான் செய்கிறது. கவிஞர், மொழிபெயர்ப்பாளர், பொம்மலாட்டக்காரர். மூன்றும் சோறு போடாததால் இருபத்தாறு வருஷம் பாண் தொழிற்சாலையில் மாக் குழைத்தாராம். சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் பொம்மை ஆட்டுவது, வேலை முடிந்த பின் இந்த நாட்டுக் கவிதைகளை இத்தாலியனில் எழுதுவது. நான்கு புத்தகம் வந்திருக்கிறது. நான்கையும் வாசித்தவர்கள் ஒரு வான் வண்டிக்குள் அடங்குவார்கள் என்று அவரே சொல்லுவார்.

பிறந்தது உன் பலெர்மோவில். தகப்பனுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் பொம்மலாட்டக் கொட்டகை. நூல் பொம்மைகள் இல்லை. தலையில் இரும்புக் கம்பி, உடம்பில் தகரக் கவசம், கையில் வாள். எட்டு வயதில் அவருடைய வேலை, போர் வரும்போது மேடைக்குப் பின்னால் நின்று பலகையைக் காலால் உதைத்து இடி முழக்குவது. 1984இல் ஒரு குழுவோடு இங்கே ஆட வந்தார். குழு திரும்பிப் போனது. இவர் போகவில்லை.

“ஆரும் பொம்பிளையோ?” என்று கேட்டேன்.

“இல்லை. ஒரு மாதம் நிண்டு பாப்பம் எண்டு நினைச்சன். அந்த மாதம் முடியேல்லை.”

அங்கே மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் காத்திருந்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் ராகவி, பிரணவியை நான் கையிலிருந்து இறக்கிக் கொடுக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

மகளின் பெயர் அகாத. விலாசம் கீழே போட்டிருக்கிறேன், நீ வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். தன் கையெழுத்தைக் கண்டால் திறக்காமல் திருப்புவாள், குரலைக் கேட்டால் போனை வைப்பாள் என்கிறார். ஆகவே ஓர் ஆள் நேரே போக வேண்டும். அவர் எனக்கு இங்கிலிஷில் சொல்ல, நான் உனக்குத் தமிழில் எழுத, நீ அவவுக்கு இத்தாலியனில் சொல்ல வேண்டும். “பிழை விடுறதுக்கு நல்ல வசதியான ஏற்பாடு” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “மொழிபெயர்க்கிற ஆள் இரக்கப்படக் கூடாது. நான் ஒருக்கா ஒரு கவிதையின்ரை முடிவிலை செத்த குதிரையை உயிரோட விட்டிட்டன், பாவமெண்டு. எழுதின மனிசன் ரெண்டு வருஷம் என்னோட கதைக்கேல்லை.”

செய்தி இதுதான். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வயிற்றுக்குள் ஏதோ, மருந்து எடுக்கிறார், களைப்பு. மகளைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஜூன் முடியுமுன் வந்தால் நல்லது. நீ பக்குவமாகச் சொல்லுவாய், தெரியும்.

உன்,
நிசாந்தினி


பலெர்மோ
15 மே 2025

அடியே நிசாந்தினி,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாய், அதுவும் வேலை தந்து எழுதுகிறாய். இருக்கட்டும். நாங்கள் நல்ல சுகம். கறிவேப்பிலை பல்கனியில் சாடியில் நிற்கிறது. மேல்வீட்டு மனிசன் அதை ஏதோ எலுமிச்சை இனம் என்று நம்பி எப்போது காய்க்கும் என்று கேட்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அகாதவுக்கு ஐம்பத்து மூன்று வயதிருக்கும், குட்டை முடி, முழு நரை. பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறா. தகப்பன் பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்தப் பார்த்தா. நான் காலை வைத்துவிட்டேன். பதினொரு வருஷமாக இந்த ஊர்க் கதவுகளைத் துடைக்கிறவள், எனக்குக் கதவின் குணம் தெரியாதா?

முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அந்தப் பொம்மை இன்னும் கிடக்குதோ?” அவவுக்குப் பத்து வயதில் பின்னலை வெட்டினார்களாம். அந்த முடியை வைத்து ஒரு பெண் வீரப் பொம்மை செய்தாராம் தகப்பன். போகும்போது அதைக் கொண்டு போய்விட்டார். “என்னை விட்டிட்டு என்ரை தலைமயிரைக் கொண்டு போன மனிசன்” என்றா. தும்பு மிட்டாய் கேட்டுக் கிடைக்காத பிள்ளை மாதிரி முகம்.

பிறகு நேரே கேட்டா: “சாகப்போறாரோ?”

“சீச்சீ, அப்பிடியொண்டுமில்லை, வயசுதானே, கொஞ்சம் களைச்சுப் போனார்” என்றேன். வாயில் அந்தச் சொல் வராதடி. நீயும் எழுதவில்லைத்தானே. அதற்குப் பிறகுதான் இருக்கச் சொல்லிக் கோப்பி தந்தா. ஜூலை நடுப்பகுதி வரைக்கும் பள்ளிக்கூடச் சோதனைகள், ஆகஸ்ட்டில் வரப் பார்க்கிறேன் என்றா. வர மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனி. பக்குவமாகத்தான் முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது அம்மாவுக்கு வாங்கின அந்தச் செருப்புப் பெட்டி அகப்பட்டது. ஏழு வருஷம். எறியவும் மனமில்லை, எனக்கு அளவுமில்லை. சரி, விடு.

நித்திரை கொஞ்சம் குறைவு என்றாயே. எவ்வளவு கொஞ்சம்?

ராகவி


லின்ஃபீல்ட்
29 மே 2025

அன்பின் ராகவி,

பிரணவிக்குப் பல் வருகிறது, அதனால்தான் தாமதம். நாங்கள் நலம்.

ஆகஸ்ட் என்று அவரிடம் சொன்னேன். பிள்ளைக்காக அந்தப் பெண் வீரப் பொம்மையை உடுப்புக் கொடியில் கொழுவி ஆட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். “நீ என்ன எழுதினாய்?” என்றார்.

“நீங்கள் சொன்னதைத்தான்.”

“வாசி.”

போனை எடுத்துத் தமிழைப் பார்த்தபடி, அவர் எனக்குச் சொன்ன இங்கிலிஷ் வசனங்களை மனப்பாடமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், “இதிலை சாகிறன் எண்ட சொல் எது?” என்று விரலை நீட்டினார்.

ராகவி, அந்தக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. உனக்கே தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணில் பட்ட ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

“இவ்வளவு நீளமோ!” என்றார். கனநேரம் அதையே பார்த்தார். “உங்கடை ஆக்கள் நிண்டு நிதானமாச் சாகிறவை போல.”

நான் காட்டினது கறிவேப்பிலை.

அடுத்த நாள் காலை அவருடைய கதவைத் தட்டி உண்மையைச் சொன்னேன். கத்தவில்லை. “நானும் குதிரையை உயிரோட விட்டனான்தானே” என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று நாள் திறக்கவில்லை. பிரணவி அந்தக் கதவில் கையால் அடித்து அடித்துப் பார்த்தாள். நான்காம் நாள் திறந்தார், பிள்ளைக்காகத்தான்.

இப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் செத்துக்கொண்டிருக்கிறேன். கணையத்தில் புற்றுநோய். ஜூன் தாண்டமாட்டேன் என்று டொக்டர் சொல்லியாயிற்று. மன்னிப்புக் கேட்கவில்லை. பார்க்க விரும்பினால் வா, விரும்பாவிட்டால் பொம்மையை அனுப்புகிறேன்.”

இதில் ஒரு சொல்லையும் குறைக்காமல் போய்ச் சொல்லு, தயவுசெய்து. ஆகஸ்ட்டில் இங்கே வந்தால் ஆளில்லை.

நிசாந்தினி


லின்ஃபீல்ட்
14 ஜூன் 2025

ராகவி,

இரண்டு கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. வாசித்துவிட்டாய் என்பது தெரிகிறது. சொன்னாயா? கோபமா? வீட்டில் ஏதும் பிரச்சினையா?

அவரைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடம். அதில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறார். நரைத்த பெண்கள் இறங்கினால் தலையைத் தூக்குகிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவருக்கு எந்த முகத்தைத் தேடுவதென்று எப்படித் தெரியும்?

பிஸ்கட் தகரம் ஒன்றை என்னிடம் தந்திருக்கிறார். நாற்பத்தொரு கடிதம். அகாதவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கவிதை. முதல் ஒன்பதும் தாய் திருப்பி அனுப்பியவை. மிச்சம் அவர் அனுப்பவே இல்லை.

ஒரு வரி எழுதடி.

நிசா


பலெர்மோ
18 ஜூன் 2025

நிசா,

கோபமில்லை. வெட்கம். உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து அகாதவின் தெருவால் போகாமல் சுற்றிச் சுற்றிப் போனேன். என்னிடம் “சாகப்போறாரோ” என்று கேட்டவவிடம் “சீச்சீ” என்று சொன்னவள் நான். நீ கொஞ்சம் குறைத்து எழுதினாய், நான் அதையும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அவவின் காதுக்குப் போனது ஒரு தடிமன் காய்ச்சல்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். அப்போதும் அந்தச் சொல் வரவில்லை. “கடுமையாம், உடன வரட்டாம்” என்றேன். அவ என்னைப் பார்த்தா. “போன மாதமும் இதுதானே நிலைமை?” என்றா. நான் நிலத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சோதனை வேலைக்கு வேறு ஆளை விட்டுவிட்டு டிக்கெட் போட்டுவிட்டா. வெள்ளி காலை இங்கிருந்து வெளிக்கிடுகிறா, ஞாயிறு காலை ஒக்லாந்து. சுலக்ஷனைக் கூட்டிவரச் சொல்லு. ஈமெயில் விலாசமும் போன் நம்பரும் கீழே.

ஒன்று சொல்லுகிறேன், கேள். அதற்கிடையில் ஏதும் நடந்தால் அவவுக்கு எழுதாதே. தனியாக, முப்பது மணித்தியாலம், மூன்று விமானம் மாறி வருகிறா. வந்து இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு சொல்லு. எங்கடை ஆக்களுக்கு அப்படித்தானே செய்வோம். எனக்கு நீ அப்படித்தானே செய்தாய். நான் ஏதும் சொன்னனானோ?

ராகவி


லின்ஃபீல்ட், ஒக்லாந்து
30 ஜூன் 2025, இரவு 2.10

என் அன்பின் ராகவி,

இதையும் நேரங்கெட்ட நேரத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நாங்கள் மூவரும் நலம் என்று இம்முறை தொடங்கவில்லை. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

உன் கடிதம் 19ஆம் திகதி காலை கிடைத்தது. உடனே ஓடினேன். கண்ணைத் திறந்திருந்தார், குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினேன். கையைத் தூக்கி மறித்தார். “உன்ரை பாசையிலை வாசி. அதிலை நீ மாத்தமாட்டாய்.” தமிழில் வாசித்தேன், நீ எழுதியபடியே, உன் வெட்கம், தடிமன் காய்ச்சல், எல்லாம். ஒரு சொல்லும் விளங்கியிராது. ‘அகாத’ வரும்போது மட்டும் விரல் அசைந்தது. முடிந்ததும், “எங்கை அவள்?” என்றார். இம்முறை சரியான சொல்லில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன். “சின்னச் சொல்” என்றார். “ஞாயிறு வருகிறா” என்றேன். தலையாட்டினார்.

பின்னேரம் நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. பிரணவிக்குப் பால் கொடுக்க நான் வெளியே போன நேரம்.

அன்று முழுக்க உன் வசனம் என் தலைக்குள் நின்றது. இறங்கி, தேத்தண்ணி குடித்த பிறகு சொல்லு. சுலக்ஷனும் அதையேதான் சொன்னார்: “தனிய வாற மனிசி, வழியிலை என்ன செய்வா? இறங்கட்டும்.” சரி என்றுதான் நானும் இருந்தேன். பிறகு, எனக்கு நீ அப்படித்தானே செய்தாய் என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்ப வாசித்தேன்.

2018இல் உன் அம்மா செத்த காலை, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த நான்தான் உனக்குப் போன் பண்ணினேன். “கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா” என்றேன். அம்மாவை அப்போது முன் அறையில் கிடத்தியிருந்தார்கள். நீ வழியில் மாறுகிற விமான நிலையத்தில் இறங்கி, அம்மா சுகமாகி எழும்பி நடப்பா என்று, அடி மெத்தென்ற செருப்பு வாங்கினாய். படலையில் பந்தலைக் கண்டதும் அந்தப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் தந்தாய். நான் வாங்கினேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு நல்லது செய்ததாக ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு அகாதவுக்கு இங்கிலிஷில் எழுதினேன். அங்கே வியாழன் இரவு, அவ வெளிக்கிட இன்னும் நேரமிருந்தது. “உங்கள் அப்பா நேற்றுப் பின்னேரம் நான்கு மணிக்கு இறந்துவிட்டார். நீங்கள் வருவது அவருக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பே உங்களுக்குச் சரியாகச் சொல்லாதது என் பிழை.” அவ்வளவுதான். அனுப்பிவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. “அப்படியென்றால் இனி அவசரமில்லை. ஆனாலும் வருகிறேன்.”

வந்தா. எங்கள் சோபாவில் ஏழு நாள் படுத்தா. தகரத்தைத் திறந்து திரும்பி வந்த ஒன்பதையும் முதலில் வாசித்தா. ஐந்தாவதில் சத்தமாக ஏசினா, இத்தாலியனில், உனக்குத்தான் விளங்கியிருக்கும். பிரணவி பொம்மையின் முடியைப் பிடித்து இழுத்தபோது நான் பதறிப்போய்த் தடுக்கப் போனேன். “இழுக்கட்டும், அது என்னுடையதுதானே” என்றா. செவ்வாய்க்கிழமை தகனம். நாங்கள் மூவரும், அவவும், பாண் தொழிற்சாலையில் அவரோடு நின்ற இரண்டு கிழவர்களும். இடி முழக்க ஆளில்லையே என்று அகாத தன் சப்பாத்துக் காலால் மரத்தரையில் மூன்று தரம் உதைத்தா. அங்கே நின்ற ஊழியர் திடுக்கிட்டுப் போனார்.

போகும்போது கேட்டேன், நான் எழுதாமல் விட்டிருந்தால் நல்லமோ என்று. “விமானம் முழுக்க அழுதன். எனக்கு அழ நேரம் கிடைச்சுது” என்றா. பொம்மையைக் கைப்பையில் கொண்டு போனா. தகர வாளை விமானத்தில் விடமாட்டார்களாம், அதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டா. குசினி யன்னலில் வைத்திருக்கிறேன்.

உனக்கு அழ நேரம் தராதவள் நான், ராகவி. நீ வழியில் வந்த அந்த இருபது மணித்தியாலம் உன்னுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இரக்கம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது கடைசி விஷயம். எவ்வளவு கொஞ்சம் என்று மே மாதம் கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. பிரணவி பிறந்ததிலிருந்து நான் ஒரு நாளும் இரண்டு மணித்தியாலம் சேர்த்துத் தூங்கியதில்லை. அவள் தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று எண்ணிக்கொண்டு இருக்கிறேன். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. அகாதவை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மோட்டர்வேயில் எனக்குக் கண் மூடிவிட்டது. பிள்ளை பின் சீட்டில். ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்ததால் இதை எழுதுகிறேன். நான் நலமாக இல்லை. நேற்றுச் சுலக்ஷனிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை டொக்டரிடம் போகிறோம். அதுவரைக்கும் காரைத் தொடமாட்டேன்.

அந்தச் செருப்பை எறியாதே. என்னோடு கோபமென்றால் கோபம் என்றே எழுது, பக்குவம் பார்க்காதே. எதுவென்றாலும் பரவாயில்லை, கெதியாகப் பதில் போடு.

உன்,
நிசாந்தினி